பைக்கை வித்துடணுமா டாக்டர்? 66 வயசு ட்ரெயில் ரைடரோட கடிதத்துக்கு என் பதில்

கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கிச் சொல்லிடறேன், ஆளை அடையாளம் காட்டற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டேன்.

எழுதினவருக்கு 66 வயசு. ரிடையர் ஆனதும் ஒரு 250 சிசி ட்ரெயில் பைக் வாங்கி ஆறு வருஷமா ஓட்டறார். ஞாயித்துக்கிழமை ஆனா அறுபது தாண்டின இன்னும் மூணு கூட்டாளிங்களோட கல்லு, மண்ணு, காட்டுப்பாதைன்னு கிளம்பிடுவார். சர்வீஸ் எல்லாம் வீட்டு ஷெட்டுல அவரேதான், ஆறு வருஷத்துல பைக்ல வெளி மெக்கானிக் கை பட்டதே இல்லைன்னு பெருமையா எழுதிருக்கார். எட்டு மாசம் முன்னாடி மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல்னு ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கற பீட்டா பிளாக்கர் ஒண்ணு, சுகருக்கு கிளிமிபிரைடு. ஸ்டென்ட் வெச்ச நாலாவது மாசமே திரும்ப பைக்ல ஏறிட்டார். ஏழு வாரம் முன்னாடி ஒரு கல்லு ஏத்தத்துல வேகமே இல்லாம நின்ன வாக்குல சாஞ்சு விழுந்தார், இடது உள்ளங்கை ஊணி, ஹெல்மெட் பாறையில உரசி. அன்னைக்கே எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களாம், ஆனா இன்னைக்கும் கிளட்ச் பிடிச்சா கட்டைவிரல் பக்கம் வலிக்குது. வீட்ல இந்த விழுந்த கதையே தெரியாது. அப்புறம் போன வாரம், பைக்கை ஸ்டாண்டுல தூக்கி வெச்சு இன்ஜின் ஓட விட்டு கியர் போட்டு செயினைத் துடைக்கறப்ப துணிக் கையுறை ஸ்ப்ராக்கெட்ல (செயின் ஓடற பல்சக்கரம்) சிக்கி உருவிட்டுப் போயிடுச்சு. விரலுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா வாசல்ல நின்னு பையன் பாத்துட்டான், "பைக்கை வித்துடுங்கப்பா"ன்னு அன்னைலருந்து ஒரே பேச்சு.

அவர் கேக்கறது மூணு. இந்த வயசுல ட்ரெயில் ஓட்டறது முட்டாள்தனமா? கூட்டாளி ஒருத்தர், ரைடுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரத்த மாத்திரையை நிறுத்திட்டா விழுந்தாலும் ரத்தக்கசிவு வராதுன்னு சொல்றாரே, செய்யலாமா? பைக் ஓட்டினா மூளை இளமையா இருக்கும்னு ஜப்பான்ல கண்டுபிடிச்சிருக்காங்களாமே, இதைச் சொல்லி பையனை சமாதானப்படுத்தலாமா?

சார், நான் எலும்பு டாக்டர், நானும் 58 வயசுல மண்பாதையில பைக் ஓட்டறவன்தான், அதனால உங்க கடிதத்தை ரெண்டு கண்ணாடி போட்டுப் படிச்சேன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு நேரா சொல்லிடறேன். காட்டுப்பாதைதான் ஆபத்து, ஷெட்டும் மருந்து டப்பாவும் பத்திரமான இடம்னு நினைச்சு நீங்க எழுதிருக்கீங்க. எனக்கு அது தலைகீழா தெரியுது. பாதையில ஆறு வருஷம் ஒழுங்கா ஓட்டின ஆளு, உங்களைக் கவுக்கப் போறது மாத்திரை விஷயமும் அந்த செயினும்தான். வயசைப் பத்தி அப்புறம் பேசலாம்.

முதல்ல மாத்திரை

நிறுத்தாதீங்க. ரெண்டு நாள் இல்ல, ஒரு வேளை கூட நீங்களா நிறுத்தாதீங்க. இதுவரைக்கும் நிறுத்திருந்தீங்கன்னா (கடிதத்துல அதைச் சொல்லவே இல்ல, அதான் எனக்கு சந்தேகம்) இன்னைக்கே உங்க ஹார்ட் டாக்டருக்கு போன் போட்டு சொல்லுங்க, திட்டுவார், பரவால்ல.

கூட்டாளி நல்ல மனசோடதான் சொல்லிருப்பார், ஆனா கணக்கு ரெண்டு பக்கமும் தப்பு. ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ரத்தத்தை உறைய வைக்கற தட்டணுவை (பிளேட்லெட்) முடக்குது, முடங்கின தட்டணு அதோட ஆயுசு முடியற வரைக்கும், அதாவது 7லேர்ந்து 10 நாள், முடங்கினதுதான். புதுசு உருவாகி அந்த இடத்தை நிரப்பணும். ரெண்டு நாள்ல பெரும்பாலான தட்டணு இன்னும் முடங்கித்தான் கிடக்கும், அப்ப விழுந்தா ரத்தக்கசிவு அபாயம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி குளோபிடோகிரெலை நிறுத்தணும்னா நாங்க 5 நாள், 7 நாள்னு கேக்கறோம், அதுவும் ஹார்ட் டாக்டர் சரின்னு சொன்னப்புறம். இன்னொரு பக்கம் பாருங்க, வாரா வாரம் இப்படி விட்டு விட்டு சாப்ட்டா ஸ்டென்ட்டுக்கு இருக்கற காவல் ஓட்டையாகிட்டே வரும். ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சா அது இன்னொரு மாரடைப்பு, அதுவும் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு காட்டுக்குள்ள.

சரி, மாத்திரை சாப்ட்டுகிட்டே கல்லுப்பாதையில ஓட்டலாமான்னா, ரெண்டு மாத்திரையும் சேர்ந்து ஓடற வரைக்கும் வேணாம்ங்கறதுதான் என் கருத்து. மாரடைப்புக்கு அப்புறம் வெச்ச ஸ்டென்ட்டுக்கு வழக்கமா 12 மாசம் ரெண்டும் குடுப்பாங்க, அப்புறம் பல பேருக்கு ஒண்ணாக் குறைப்பாங்க. உங்களுக்கு எட்டு மாசம் முடிஞ்சாச்சு, மிச்சம் நாலு. எப்ப குறைக்கறதுங்கறதை முடிவு பண்ண வேண்டியவர் உங்க ஹார்ட் டாக்டர், அவர்கிட்ட "நான் பைக் ஓட்டறேன்"னு மட்டும் சொல்லாதீங்க, அவர் கடைக்குப் போற பைக்னு நினைச்சுக்குவார், "கல்லு ஏத்தத்துல நின்னுகிட்டே ஓட்டுவேன், மாசத்துல ரெண்டு தடவையாவது விழுவேன்"னு உள்ளதைச் சொல்லுங்க.

தலை விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், அதுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவுல போற சின்ன ரத்தக்குழாய்ங்க இழுபட்டு நிக்கும், லேசான அதிர்ச்சியிலயே அது அறுந்து சொட்டு சொட்டா கசியலாம். ரத்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது நிக்கறதும் லேட். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, பல நாள், சில பேருக்கு பல வாரம் கழிச்சுத்தான் தலைவலி கூடிக்கிட்டே போறது, தூக்கம் தூக்கமா வர்றது, நடை தள்ளாடறது, ஒரு பக்கம் கை கால் சோர்றது, பேச்சு குழர்றதுன்னு ஆரம்பிக்கும். உங்களுக்கு ஏழு வாரம் ஆச்சு, இதுல எதுவும் நீங்க எழுதலை, ஆனா நீங்களே கவனிக்காம இருக்கலாம், வீட்ல கூட இருக்கறவங்க கண்ணுக்குத்தான் முதல்ல படும். அவங்ககிட்டதான் நீங்க விழுந்ததையே மறைச்சிருக்கீங்களே! இதுல ஏதாச்சும் ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கணும், மறுநாள்னு தள்ளக்கூடாது. பாறையில உரசின அந்த ஹெல்மெட்டைத் திரும்பப் போடாதீங்க, வெளிய கீறல்தானேன்னு தோணும், உள்ள இருக்கற தெர்மகோல் மாதிரி பொருள் ஒரு தடவை அமுங்கினா அமுங்கினதுதான்.

அந்த மணிக்கட்டு

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னாங்க, அப்ப சுளுக்குத்தான்"னு எழுதிருக்கீங்க. ஒரு வேலை பண்ணுங்க. இடது கையோட கட்டைவிரலை நல்லா விரிச்சு மேல் நோக்கித் தூக்குங்க. கட்டைவிரல் ஆரம்பிக்கற இடத்துக்குக் கீழ, மணிக்கட்டு பக்கவாட்டுல, ரெண்டு நரம்பு மாதிரி புடைச்சு அதுக்கு நடுவுல ஒரு சின்ன குழி விழும். அந்தக் குழியில வலது கை ஆள்காட்டி விரலால அழுத்துங்க, அதே அழுத்தத்துல வலது கையிலயும் அழுத்திப் பாருங்க. இடதுல மட்டும் சுருக்குன்னு வலிச்சா, அங்க ஸ்கேஃபாய்டுன்னு முந்திரிக்கொட்டை வடிவத்துல ஒரு குட்டி எலும்பு இருக்கு, அது விரிசல் விட்டிருக்கலாம்.

இந்த எலும்பு பொல்லாதது சார். விழுந்த அன்னைக்கு எடுத்த எக்ஸ்ரேல பல நேரம் விரிசல் தெரியாது, அதனாலதான் சந்தேகம் இருந்தா 10லேர்ந்து 14 நாள் கழிச்சு திரும்ப எடுக்கச் சொல்லுவோம், இல்லைன்னா எம்ஆர்ஐ. ரத்த ஓட்டம் அதுக்கு விரல் பக்கத்துல இருந்து பின்னோக்கி வருது, நடுவுல உடைஞ்சா பின் பாதிக்கு ரத்தம் போகாம அந்தத் துண்டு செத்தே போகலாம், அப்புறம் மணிக்கட்டு முழுக்க தேய்மானம். உங்க வயசுல கை ஊணி விழுந்தா பொதுவா உடையறது அதுக்கு மேல இருக்கற ஆரை எலும்புதான், ஸ்கேஃபாய்டு இளவட்டங்களுக்கு வர்றது, அதனால உங்களுக்கு கட்டைவிரல் மூட்டுத் தேய்மானமாவோ தசைநாண் வீக்கமாவோ கூட இருக்கலாம். ஆனா ஏழு வாரம் வலி போகலைன்னா ஊகம் பண்ணிட்டு உக்காரக்கூடாது, இந்த வாரமே போய்க் காட்டுங்க. எம்ஆர்ஐன்னு சொன்னா ஸ்டென்ட் இருக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க, பொதுவா பிரச்சினை இல்ல, இருந்தாலும் அந்த ஸ்டென்ட் கார்டைக் கேப்பாங்க.

போனதோட எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் எடுத்துடுங்க. எலும்பு மெலியறது பொம்பளைங்க வியாதின்னு ஆம்பளைங்க நினைச்சுட்டு இருக்காங்க, எங்க வார்டுல வந்து பாத்தா தெரியும். ரிப்போர்ட்ல டி-ஸ்கோர்னு ஒரு நம்பர் இருக்கும், மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழன்னா எலும்பு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்படின்னா முதல்ல அதுக்கு வைத்தியம், அப்புறம்தான் கல்லுப்பாதை.

ஷெட்டுல நடக்கறது

தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்லுவாங்க, உங்களுக்கு கைக்கு வந்தது கையுறையோட போயிருக்கு. நீங்க எழுதின வரி, "ஐடில்லதான் சார் ஓடிச்சு, மெதுவாத்தான்". அந்த மெதுவைக் கணக்கு போட்டுப் பாப்போம். உங்க பைக்ல 520 செயின்னா ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் 15.875 மில்லிமீட்டர். ஐடில்ல முதல் கியர்ல பின் சக்கரம் நிமிஷத்துக்கு 40 சுத்துன்னே வெச்சுக்கங்க, பின்னாடி 50 பல் ஸ்ப்ராக்கெட்டுன்னா செகண்டுக்கு 33 பல் கடக்குது, அதாவது அரை மீட்டருக்கு மேல செயின் ஓடுது. ஏதோ சிக்கிடுச்சுன்னு உணர்ந்து கையை இழுக்க கால் செகண்டாவது ஆகும், அதுக்குள்ள 13 சென்டிமீட்டர் செயின் பல்லுக்குள்ள போயிருக்கும். உங்க விரல் மொத்தமே அவ்ளோ நீளம் கிடையாது. செயினுக்குள்ள போன விரலை நான் பல தடவை பாத்தாச்சு, வந்தவங்க முக்காவாசிப் பேரு நல்ல கைத்தேர்ச்சி உள்ளவங்க, "எப்பவும் இப்படித்தான் பண்ணுவேன்"னு சொன்னவங்க. நசுங்கி அறுபட்ட விரலைத் திரும்பத் தைக்கறது கத்தியில வெட்டுப்பட்டதைத் தைக்கற மாதிரி சுலபமில்ல.

இன்ஜின் ஆஃப், சாவி பாக்கெட்டுல, நியூட்ரல். சக்கரத்தைக் கையால பின்பக்கமா சுத்துங்க, செயினோட கீழ் வரிசையில, பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளிய வர்ற இடத்துல துடைங்க, அப்ப துணி இழுபட்டாலும் பல்லை விட்டு விலகித்தான் போகும். துணிக் கையுறை வேணாம், நூல் ஒண்ணு மாட்டினா மொத்தக் கையையும் இழுத்துட்டுப் போயிடும், மெல்லிசு நைட்ரைல் கையுறைன்னா கிழிஞ்சு விட்டுடும். அதுவே பழைய இன்ஜின் ஆயில்கிட்ட இருந்தும் தோலைக் காப்பாத்தும், அந்தக் கறுப்பு ஆயில்ல புற்றுநோய் உண்டாக்கற பொருளுங்க இருக்கு, வெறுங்கையால ஆயில் மாத்தறதை விட்டுடுங்க.

ஷெட் கதவை மூடிகிட்டு இன்ஜினை ஓட விடற பழக்கம் இருக்குன்னு போற போக்குல எழுதிருக்கீங்க, மழைன்னா கதவைச் சாத்திட்டு ஃபேன் போட்டுக்குவேன்னு. ஃபேன் அந்தக் காத்தைச் சுத்தி விடுமே தவிர வெளிய அனுப்பாது. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். என்னை மாதிரி ஆளுக்கு தலைவலியோட போற அளவு, இதயத்துல அடைப்பு வந்த உங்களுக்கு நெஞ்சுவலியைக் கிளப்பிடும். கார்புரேட்டர் ட்யூன் பண்ணணும்னா பைக்கைத் தள்ளிட்டு வெளிய வாங்க, மழைன்னா நாளைக்கு ட்யூன் பண்ணுங்க.

இன்னும் ரெண்டு மூணு, சட்டுனு சொல்லிடறேன். ஏர் ஃபில்டரை பெட்ரோல்ல கழுவாதீங்க, ஆவி தரையோட தவழ்ந்து போயி எங்கயோ இருக்கற ஹீட்டர்ல பத்திக்கும், ஃபோமை ஒட்டியிருக்கற பசையையும் கரைச்சுடும், ஃபில்டர் கிளீனர் இருக்கு, அது இல்லைன்னா மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத்தண்ணி, நல்லா காய வெச்சு ஃபில்டர் ஆயில். பிரேக் ஆயில் கண்ணுல தெறிச்சா உடனே குழாய்த்தண்ணியில கால் மணி நேரம் கழுவணும், தேய்க்கக்கூடாது. வெட்டுப்பட்டா சுத்தமான துணியை வெச்சு பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க, நின்னுச்சான்னு நடுவுல தூக்கிப் பாக்கற சமாச்சாரமே வேணாம், உங்க ரத்தத்துக்கு அந்தப் பத்து நிமிஷமும் வேணும். டெட்டனஸ் ஊசி கடைசியா எப்பப் போட்டீங்கன்னு பாருங்க, பத்து வருஷம் தாண்டிருந்தா போட்டுக்கங்க.

பைக்கை உங்க உடம்புக்கு செட் பண்ணுங்க

உங்க ஸ்பேனரை நான் பிடுங்கப் போறேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல. கை சரியாகற வரைக்கும், மாத்திரை குறையற வரைக்கும் நாலு மாசம் இருக்கு, அந்த நாலு மாசத்துக்கு உங்களுக்கு வேலை குடுக்கறேன். ஆறு வருஷமா அந்த பைக்கை கம்பெனி எப்படி அனுப்பிச்சோ அப்படியே பத்திரமா வெச்சிருக்கீங்க. கம்பெனி அதை செட் பண்ணது ஒரு முப்பது வயசு ஆளுக்கு சார். சர்வீஸ் புக்ல இல்லாத சர்வீஸ் இது.

கிளட்ச் லிவர்ல ஆரம்பிங்க. கிளாம்ப்பை லூஸ் பண்ணி லிவரை ஒரு சென்டிமீட்டர் உள்பக்கமா தள்ளினீங்கன்னா உங்க ரெண்டு விரல் லிவரோட நுனியில உக்காரும், கல்லை நீளக் கம்பியால நெம்பற மாதிரிதான், அதே கிளட்ச் பாதி பலத்துல வர்ற மாதிரி தோணும். கேபிளைக் கழட்டி ஆயில் விடுங்க, மடங்கற இடத்துல வளைவைப் பெருசாக்குங்க. நீங்க நின்னு ஓட்டறப்ப முன்கை, மணிக்கட்டு, விரல் மூணும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி லிவரைக் கீழ் நோக்கிச் சாய்ங்க, இப்ப உங்க பைக்ல மணிக்கட்டு மேல மடங்கித்தான் நிக்கும்னு பந்தயம் கட்டறேன், ஏன்னா உக்காந்து ஓட்டறதுக்கு செட் பண்ணி வர்றது அப்படித்தான். கிளாம்ப் ஸ்குரூவை ரொம்ப முறுக்காதீங்க, பைக் விழுந்தா லிவர் சுத்திக்கணும், உடையக்கூடாது.

முதுகு வளைச்சு நின்னு ஓட்டறதால இடுப்பு பிடிக்குதுன்னு எழுதிருந்தீங்களே, அது ஹேண்டில்பார் உயரம். ரைசர்னு ஹேண்டிலுக்கு அடியில வைக்கற துண்டு இருக்கு, அதை வெச்சு 15, 20 மில்லிமீட்டர் ஏத்துங்க, ஏத்தினதும் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி ஆக்ஸிலேட்டர் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுக்குதான்னு இன்ஜின் ஓடறப்ப வெளிய நின்னு பாத்துடுங்க, திருப்பறப்ப ரேஸ் தானா ஏறினா கேபிள் பத்தலைன்னு அர்த்தம், அப்படியே ஓட்டினா நேரா பள்ளத்துக்குத்தான்.

சஸ்பென்ஷன் ஸ்பிரிங் ஓட்டறவர் எடைக்குத் தகுந்த மாதிரி வேற வேற வரும். பைக்கை ஸ்டாண்டுல தூக்கி பின் சக்கரம் தொங்கறப்ப அச்சுல இருந்து மட்கார்டு வரைக்கும் அளங்க, அப்புறம் நீங்க ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிகிட்டு ஏறி நிக்கறப்ப யாரையாவது விட்டு அளக்கச் சொல்லுங்க. சக்கரம் மேல கீழ போற மொத்த தூரம் (ட்ராவல்) 300 மில்லிமீட்டர்னா வித்தியாசம் 100 பக்கத்துல வரணும். உங்களுக்கு 70தான் வருதுன்னா ஸ்பிரிங் உங்களுக்கு ரொம்ப கெட்டி, அந்த பைக் வாங்காத அடியை எல்லாம் உங்க மணிக்கட்டும் முட்டியும் வாங்கிட்டு இருக்கு.

இன்னொண்ணு, முன் ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லைக் குறைங்க. 13 இருந்தா 12. டாப் ஸ்பீடு போகும், அது உங்களுக்கு எதுக்கு? கல்லு ஏத்தத்துல கிளட்ச்சை அமுக்கி அமுக்கி விடாம முதல் கியர்லயே தவழ்ந்து ஏறும், கிளட்ச் கைக்கு பாதி வேலை மிச்சம். மாத்தினப்புறம் செயின் தளர்வை மேனுவல் பாத்து திரும்ப வெச்சுடுங்க.

நீங்க விழுந்த விதத்தைப் பாத்தா உயரமும் காரணம். ஏத்தத்துல நின்னுபோச்சு, கால் ஊணப் பாத்தேன், தரை எட்டலைன்னு எழுதிருக்கீங்க. வயசான ரைடர்ங்க விழறது பெரும்பாலும் இப்படித்தான், வேகத்துல இல்ல, நிக்கறப்ப. சீட் ஃபோமை ரெண்டு மூணு சென்டிமீட்டர் குறைச்சு வெட்டி உறை போடலாம், பின்பக்கத்தைத் தாழ்த்தற ஷாக் லிங்க்கும் கிடைக்கும், ஆனா முதல்ல ஃபோம். விழுந்த பைக்கைத் தூக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. சரிவுல கிடந்தா அப்படியே தூக்காதீங்க, படுத்த வாக்குலயே சுத்தி சக்கரம் ரெண்டும் பள்ளத்துப் பக்கம் வர்ற மாதிரி திருப்புங்க, அப்புறம் தூக்கினா பாதி வேலையை மேடே பாத்துக்கும். அதுக்கும் முன்னாடி இன்ஜினை அணைச்சுட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காருங்க. நூறு கிலோவுக்கு மேல இருக்கற வண்டியை மூச்சு வாங்கற நேரத்துல மூச்சைப் பிடிச்சுட்டு தூக்கறது ஸ்டென்ட் வெச்ச இதயத்துக்கு நல்லதில்ல. கூட்டாளி இருந்தா கூப்பிடுங்க, அதுல என்ன கௌரவக்குறைச்சல்.

திரும்ப ஏறறதுக்கு முன்னாடி

ஹார்ட் டாக்டர் ட்ரெட்மில் டெஸ்ட் பாத்து சரின்னு சொல்லணும், மணிக்கட்டு வலி போயிருக்கணும், இது ரெண்டும் கட்டாயம். அப்புறம் வீட்லயே ரெண்டு பரீட்சை. சுவத்துப் பக்கத்துல நின்னு ஒத்தக்கால்ல 10 செகண்ட், ரெண்டு காலும் தனித்தனியா. கையை மார்புல கட்டிகிட்டு நாற்காலியில இருந்து 30 செகண்ட்ல எத்தனை தடவை எழுந்து உக்கார முடியுதுன்னு எண்ணுங்க, உங்க வயசு ஆம்பளைக்கு 12க்குக் கீழ வந்தா சராசரிக்குக் கீழ. என்னைக் கேட்டா பைக்ல ஃபுட்பெக் மேல நின்னு ஓட்டறதுக்கு 12 பத்தாது, 15, 16 வரைக்கும் ஏத்துங்க, தினம் பண்ணா நாலு மாசத்துல வந்துடும், உங்க முட்டிவலிக்கும் அதேதான் மருந்து.

சுகர் விஷயத்துல ஒரு கண்ணி இருக்கு, இதை யாரும் உங்களுக்கு சொல்லிருக்க மாட்டாங்க. கிளிமிபிரைடு சாப்ட்டுட்டு மூணு மணி நேரம் உடம்பை முறிச்சு ஓட்டினா சுகர் சர்ருன்னு இறங்கலாம். இறங்கறப்ப நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், அதுதான் எச்சரிக்கை மணி. உங்க பீட்டா பிளாக்கர் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிடும். மிச்சம் இருக்கறது வேர்வை ஒண்ணுதான், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டுகிட்டு எது சுகர் வேர்வை எது வெயில் வேர்வைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நடுவுல நிக்கறப்ப ஒரு தடவை மெஷின்ல குத்திப் பாத்துடுங்க, குளுக்கோஸ் மாத்திரை ஜாக்கெட் பாக்கெட்டுல இருக்கணும், பைக் பையில இல்ல. உள்ளங்கால் மரத்த மாதிரி இருக்குன்னு ஒரு வரி எழுதிருக்கீங்க, அந்தக் கெட்டி பூட்ஸுக்குள்ள பின் பிரேக் எவ்ளோ அமுங்குதுன்னு உங்களுக்கு சரியா தெரியுதான்னு டாக்டர்கிட்ட காலை டெஸ்ட் பண்ணிக்கங்க, பூட்ஸ் மாட்டறதுக்கு முன்னாடி உள்ள கைவிட்டு கல்லு கில்லு இருக்கான்னு தடவிப் பாருங்க, கழட்டினதும் பாதத்தைப் பாருங்க.

கண்ணாடியைப் பத்தி என் சொந்தக் கதை. போன வருஷம் நான் புதுசா ப்ரோக்ரெஸிவ் லென்ஸ் மாட்டிகிட்டு போயி ஒரே காலையில மூணு தடவை விழுந்தேன். அந்த லென்ஸோட கீழ் பாதி படிக்கறதுக்கு, நின்னு ஓட்டறப்ப தரையை அது வழியாத்தான் பாக்கறோம், கல்லு இருக்கற இடம் கலங்கலா, ஒரு அடி தள்ளித் தெரியுது. தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி தனியா போட்டுக்கிட்டேன், சரியாப் போச்சு. காட்டுல வெயில்ல இருந்து நிழலுக்குள்ள நுழையறப்ப ஒரு செகண்ட் ஒண்ணுமே தெரியாத மாதிரி இருந்தா கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

சர்வீஸ் பண்ணினதும் தனியா ஒரு டெஸ்ட் ரைடு போவேன்னு எழுதிருக்கீங்க பாருங்க, நாலுல மூணு ரைடு கூட்டாளிங்களோட, ஆனா அப்பதான் போல்ட்டு லூஸா இருந்தா கழண்டு வரும், அந்த ரைடுதான் தனியா! அதை வீட்டைச் சுத்தி, யாராவது பாக்கற இடத்துல வெச்சுக்கங்க. ஜாக்கெட் உள்பாக்கெட்டுல ஒரு அட்டையில உங்க மாத்திரை பேர், ஸ்டென்ட் தேதி, வீட்டு நம்பர் எழுதி வெச்சு அந்த மூணு பேருக்கும் எங்க இருக்குன்னு காட்டிடுங்க. அவங்களுக்கும் அறுபதுக்கு மேல, அவங்க அட்டையையும் வாங்கி வெச்சுக்கங்க.

பையன் கிட்ட என்ன சொல்றது

ஜப்பான் கதையை எடுத்துட்டுப் போகாதீங்க. டோஹோகு பல்கலைக்கழகத்துல ர்யூட்டா கவாஷிமாங்கற மூளை ஆராய்ச்சியாளர், யமஹா கம்பெனியோட சேர்ந்து 2009 வாக்குல அப்படி ஒண்ணு வெளியிட்டது நிஜம்தான், பல வருஷம் ஓட்டாம இருந்தவங்க திரும்ப பைக் ஓட்ட ஆரம்பிச்சதும் சில மூளைத்திறன் டெஸ்ட்ல நல்லா பண்ணாங்கன்னு. ஆனா அது சின்ன ஆராய்ச்சி, பைக் விக்கற கம்பெனியும் கூட இருந்தது, அதுல இருந்தவங்க நடுவயசுக்காரங்க, அவங்களுக்கு ஸ்டென்ட்டும் இல்ல. உங்க பையன் எதிர்ல நிக்கற வக்கீல் இல்ல சார், அவன் பாத்தது உங்க கை அந்த ஸ்ப்ராக்கெட் பக்கம் போனதை. அதைப் பாத்த எந்தப் பிள்ளையும் வித்துடுங்கன்னுதான் சொல்லும்.

வயசு 66ங்கறதால மட்டும் நிறுத்தணும்னு மருத்துவத்துல எங்கயும் இல்ல. மெதுவா, துணையோட, உடம்புக்கு செட் பண்ண பைக்ல, ஒரே ஒரு ரத்த மாத்திரையோட நீங்க ஓட்டறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, விழுந்தா உங்க எலும்பு இருபது வயசுக்காரன் எலும்பு மாதிரி சேராதுங்கறதை ஒத்துகிட்டு ஓட்டுங்க. ஆனா டெக்ஸாவோ ட்ரெட்மில்லோ மோசமா வந்துச்சுன்னா, கால் மரத்துப்போனது உறுதியாச்சுன்னா, கல்லுப்பாதையை விட்டுட்டு தட்டையான மண்ரோட்டோட நிறுத்திக்கங்கன்னு நானே சொல்லுவேன், அப்ப என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது.

இன்னைக்கு ராத்திரி ஏழு வாரம் முன்னாடி விழுந்ததை வீட்ல சொல்லிடுங்க, ஹெல்மெட்டையும் எடுத்துக் காட்டுங்க. ஸ்கேன் எடுக்கப் போறப்ப பையனையே கூட்டிட்டுப் போங்க. அப்புறம் கையுறை போன அந்த ஸ்ப்ராக்கெட்ல நூலும் துணியும் இன்னும் சிக்கியிருக்கும், முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள்ளயும் போயிருக்கும், அதை எடுக்காம வண்டி நகரக்கூடாது. உங்க கை இருக்கற நிலையில நீங்க எடுக்க வேணாம், அவன் கையில ஸ்பேனரைக் குடுங்க, சாவியை உங்க பாக்கெட்டுல வெச்சுகிட்டு பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து எந்த போல்ட்டு எதுக்குன்னு சொல்லிக்குடுங்க.